செல்லும் காசு எங்கே செல்கிறது?

2024 ஆகஸ்ட் 18, சென்னை கலைவாணர் அரங்கம். கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு நினைவாக மத்திய அரசு அச்சடித்த 100 ரூபாய் நாணயத்தைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வெளியிட, முதல்வர் மு.க.ஸ்டாலின் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 27, கங்கைகொண்ட சோழபுரம். ஆடித் திருவாதிரை விழாவில் முதலாம் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்டார். ஒன்று மாநிலத் தலைநகரின் குளிரூட்டப்பட்ட அரங்கம், இன்னொன்று ஆயிரம் ஆண்டுக் கோயிலின் வளாகம். ஆனால் நாணய வெளியீட்டு விழாவின் சடங்கு எங்கும் ஒன்றுதான். அழகிய பெட்டி திறக்கப்படும், காசு கேமராவுக்குக் காட்டப்படும், கைதட்டல் எழும், பெட்டி மூடப்படும். விழாவுக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் அந்தக் காசைத் தொட்டுப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டம் கலைந்து பஸ் ஏறும்போது, நடத்துநர் கொடுக்கும் சில்லறையில் அது இருக்காது. அடுத்த நாளும் இருக்காது. அடுத்த ஆண்டும் இருக்காது.

எந்த நாணயம் செல்லுபடியாகும் என்பதைச் சட்டப் புத்தகங்கள் பல வரிகளில் சொல்கின்றன. தமிழ் ஒரே சொல்லில் முடிக்கிறது: செல்லும். செல்லுபடியாவதற்கும் நகர்ந்து போவதற்கும் நம் மொழியில் வினை ஒன்றுதான். கைவிட்டுக் கைமாறிப் போவதுதான் காசு, போகாதது செல்லாக்காசு. இந்த அளவுகோலை வைத்தால் இன்று மேடைகளில் வெளியிடப்படும் நினைவு நாணயங்கள் விசித்திரமான பிறவிகள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் 1,000 ரூபாய் வரையிலான மதிப்பில் காசு அச்சடிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தில், அரசிதழில் விதிகள் வெளியிட்டு, எடையும் உலோகமும் விளிம்பிலுள்ள வரிகளின் எண்ணிக்கையும்கூட வரையறுத்துத்தான் இவை அச்சாகின்றன. ஆனால் அவை வங்கிக் கவுன்ட்டருக்கு வருவதில்லை. நாணயச்சாலைகள் அவற்றை முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு, சேகரிப்பாளர்களுக்கு விற்கின்றன. நினைவு நாணயம் வெளியிடுவதே வீண் என்பது இக்கட்டுரையின் வாதம் இல்லை. ஒருவரை நாட்டின் காசில் பொறிப்பது பெரிய மரியாதை. அந்தக் காசு புழங்கும்போதுதான் மரியாதை முழுமையாகிறது, புழங்காத காசு காசின் உருவத்தில் செய்த பதக்கம் மட்டுமே என்பதுதான் வாதம்.

பத்துப் பைசாவின் பெருமை

இந்தியாவின் நினைவு நாணய வரலாறு இப்படித் தொடங்கவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல், நேரு மறைந்த ஆண்டிலேயே வந்தது. ஒரு ரூபாய், ஐம்பது பைசா என இரண்டும் அன்றாடக் காசுகள். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு 80 சதவீத வெள்ளியில் பத்து ரூபாய் நாணயம் வந்தது உண்மை. அதோடு ஒரு ரூபாயும், ஐம்பது பைசாவும், இருபது பைசாவும் வந்தன. வெள்ளியைப் பெட்டியில் வைப்பவர் வைக்கட்டும், காந்தியின் முகம் கூலிக்காரர் மடியிலும் இருக்கட்டும் என்ற எளிய ஏற்பாடு அது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த எண்ணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து 'அனைவருக்கும் உணவு' என்ற செய்தியைச் சொல்ல 1970-இல் அரசு எடுத்துக்கொண்டவற்றில் இருபது பைசா காசும் ஒன்று. குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்ல 1974-இலும், அனைத்துலகப் பெண்கள் ஆண்டைச் சொல்ல 1975-இலும் பத்துப் பைசாவைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் செய்திகளை இன்று எப்படி மதிப்பிட்டாலும் உத்தியில் குறை சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையினரிடம் ஒரு படத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும், அவர்களிடம் வானொலியும் இல்லை, செய்தித்தாளும் இல்லை. அரசு அச்சடிக்கும் பொருள்களில் எல்லோர் கைக்கும் தவறாமல் போவது சில்லறைதான். ஆகவே செய்தி மிகச் சிறிய காசில் ஏறியது.

தமிழுக்கும் அந்த மரபில் பங்கு உண்டு. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, திருவள்ளுவர் உருவம் பொறித்த காசுகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மதிப்புகளில் வந்தன. வள்ளுவருக்குக் கன்னியாகுமரிக் கடலில் 133 அடிச் சிலை எழுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, அவர் ஒரு ரூபாயில் ஏறி நாட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டார். சிலையைப் பார்க்க நாம் போக வேண்டும். அந்தக் காசு தானாக நம்மிடம் வந்தது, குறளைக் கேள்விப்படாத ஊர்களுக்கும் போனது. 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு நூறு ரூபாய் நாணயத்தோடு ஐந்து ரூபாய்க் காசும் வந்தது. அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இந்தியாவின் முதல் 1,000 ரூபாய் நாணயம் அறிவிக்கப்பட்டது. அதன் கூடவே பெரிய கோயிலைச் சுமந்த ஐந்து ரூபாய்க் காசும் பிறந்தது. ஆயிரம் ரூபாய் நாணயத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஐந்து ரூபாய் மளிகைக் கடைக் கல்லாவுக்குள் வந்து போனது.

மதிப்பா, வயதா?

அந்த இரட்டை ஏற்பாடு மெல்லத் தேய்ந்தது. எங்கே தேய்ந்தது என்பதை நாணயங்களின் மதிப்பு எண்களே காட்டிக்கொடுக்கின்றன. தாகூரின் 150-ஆவது ஆண்டுக்கு 150 ரூபாய். அம்பேத்கரின் 125-ஆவது ஆண்டுக்கு 125 ரூபாய். குரு கோவிந்த் சிங்கின் 350-ஆவது ஆண்டுக்கு 350 ரூபாய். குருநானக்கின் 550-ஆவது ஆண்டுக்கு 550 ரூபாய். விடுதலையின் 75-ஆம் ஆண்டையொட்டி 2023 மே 28-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழாவில் 75 ரூபாய். ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்கு 2024 ஏப்ரல் 1-இல் 90 ரூபாய். இவற்றில் எதுவும் விலை சொல்லப் பயன்படும் தொகை இல்லை. 350 ரூபாய்க் காசை நீட்டி யாரும் எதையும் வாங்கப் போவதில்லை, அச்சடித்தவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. காசின் மேலிருக்கும் எண் மதிப்பாக இருப்பதை விட்டுவிட்டு வயதாக மாறிவிட்டது. பிறந்தநாள் கேக்கின் மேல் மெழுகுவர்த்தி எண் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

உலோகக் கணக்கும் இதையே சொல்கிறது. இந்த வகை நூறு ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராம் எடையும் கொண்டது. அதில் பாதி வெள்ளி, அதாவது 17.5 கிராம். கலைஞர் நாணயம் வெளியான நாள்களில் வெள்ளி கிராம் 80 ரூபாய்க்கு மேல் விற்றது. அப்படியானால் நூறு ரூபாய்க் காசுக்குள் 1,400 ரூபாய்க்கு மேற்பட்ட வெள்ளி இருந்தது. அதை நூறு ரூபாயாகச் செலவழிப்பவரை உலகம் என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. காசுக்குள் இருக்கும் உலோகம் அதன் முகமதிப்பைவிட உயர்ந்துவிட்டால் அது சந்தையிலிருந்து மறைந்துவிடும் என்பது பொருளாதாரத்தின் மிகப் பழைய பாடங்களில் ஒன்று. இங்கே அந்த மறைவு அச்சடிக்கும்போதே திட்டமிடப்படுகிறது. கலைஞர் நாணயம் சென்னை அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். வாங்கியவர்கள் விரும்பித்தான் வாங்கினார்கள், அதில் தவறு காண ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பேருந்துகளை நாட்டுடைமையாக்கிய, கைரிக்‌ஷா இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்த ஆட்சியின் தலைவருக்கு எடுத்த காசு, பேருந்திலும் ரிக்‌ஷாவிலும் போகிறவர் கைக்கு எட்டாத இடத்தில் நின்றுவிட்டது.

ராஜேந்திரன் விஷயத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் நினைவு நாணயம் என்ற கலை சோழர்களுக்குத் தெரியாததில்லை. கோதாவரிக் கரையில் தவளேஸ்வரத்தில் கிடைத்த பொற்காசுகளில் 'கங்கைகொண்ட சோழன்' என்ற பட்டப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வடதிசை வெற்றியைக் காசில் எழுதிய செயல் அது. பொன் சாமானியர் கைக்கு வந்திருக்காது என்று சொல்லலாம், சரிதான். ஆனால் அவன் தந்தை ராஜராஜனின் செப்புக்காசு வந்தது. ஒருபுறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் அமர்ந்த உருவமும் 'ஸ்ரீராஜராஜ' என்ற நாகரி எழுத்தும் கொண்ட அந்தக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மண்ணைக் கிளறும் இடமெல்லாம் கிடைத்திருக்கின்றன. அந்தப் புழக்கத்தின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. சோழர்களை இலங்கையிலிருந்து விரட்டிய விஜயபாகுவும், பின்னர் வந்த பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் தங்கள் காசை அச்சடித்தபோது ராஜராஜன் காசின் அதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள், பெயரை மட்டும் மாற்றினார்கள். ஆட்சி போய் ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும் காசின் முகம் போகவில்லை, ஏனென்றால் மக்கள் கை அதற்குப் பழகியிருந்தது. கஜானாவில் தூங்கிய பொன்னால் இதைச் செய்திருக்க முடியாது. சந்தையில் அலைந்த செம்பு செய்தது.

கால் டாலரின் பாடம்

வெளியீட்டு விழாவை வேறு விதமாக நடத்த முடியுமா என்று கேட்டால், நடத்திக் காட்டிய நாடு இருக்கிறது. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள் வீதம், அவை ஒன்றியத்தில் சேர்ந்த வரிசையில், ஐம்பது மாநிலங்களுக்கும் கால் டாலர் காசு வெளியிட்டது. பத்து ஆண்டுகளில் 3,400 கோடிக்கும் அதிகமான காசுகள் அச்சாகிப் புழக்கத்துக்குப் போயின. அதன் தொடர்ச்சியாகத் தேசியப் பூங்காக்களுக்கும் வரலாற்றிடங்களுக்கும் 2010 முதல் 2021 வரையும், பெண் ஆளுமைகளுக்கு 2022 முதல் 2025 வரையும் காசுகள் வந்தன. பூங்காக் காசுகள் வந்த காலத்தில் விழா பெரும்பாலும் அந்தந்த இடத்துக்கு அருகிலேயே நடந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். 18 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் புத்தம் புதிய காசு ஒன்று இலவசம். விழா முடிந்ததும் உள்ளூர் வங்கி மேசை போடும். பெரியவர்கள் தங்கள் பணத்தைக் கொடுத்துப் புதிய காசை அதே முகமதிப்பில் வாங்கிக்கொள்ளலாம். பத்து டாலர் கொடுத்தால் நாற்பது காசு கொண்ட ஒரு சுருள், ஒருவருக்கு அதிகபட்சம் பத்துச் சுருள். மேடையில் வெளியான காசு அன்று மாலையே உள்ளூர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதில் அரசுக்கு நட்டமும் இல்லை. 25 சென்ட் காசை அதைவிட மிகக் குறைந்த செலவில் அச்சடித்து 25 சென்டுக்குக் கொடுக்கிறார்கள். யாராவது அதைச் செலவழிக்காமல் உண்டியலில் வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் கருவூலத்துக்கே தங்கிவிடும்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. இந்தியாவில் இதைச் செய்து பார்த்துச் சிக்கலில் மாட்டினோமே என்பார்கள். பத்து ரூபாய்க் காசில் ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வடிவங்கள் வந்தன. ரிசர்வ் வங்கியின் பவள விழா, ஹோமி பாபா, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுகள், வைஷ்ணவ தேவி, அம்பேத்கர், யோகா தினம் என்று பல முகங்கள். விளைவு, எது அசல் எது போலி என்ற சந்தேகம் பரவியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் பத்து ரூபாய்க் காசையே வாங்க மறுத்தார்கள், பேருந்துகளில் வாக்குவாதம் நடந்தது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை வெளியிட்டு, 14440 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொடுக்க வேண்டிவந்தது. எனவே புழங்கும் காசில் விதவிதமாக அச்சடிப்பது குழப்பத்தை விலைகொடுத்து வாங்குவது என்பது மறுப்பு. ஆனால் அந்தக் குழப்பத்தின் வேரைப் பார்க்க வேண்டும். வடிவங்கள் பல என்பது பாதிக் காரணம்தான். அவற்றை யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்பது மறுபாதி. காசு தில்லி அரங்கில் வெளியானது, திருவண்ணாமலைக் கடைக்காரர் அதை முதன்முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளர் நீட்டியபோது. இதுவரை காணாத முகத்தை அவர் சந்தேகித்ததில் என்ன தவறு? வெளியீட்டு விழா என்ற ஒன்று எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை அது செய்யவில்லை. செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2019 மார்ச் 7-இல் ஒன்று முதல் இருபது ரூபாய் வரையிலான புதிய காசு வரிசை வெளியானபோது, பார்வையற்ற பிள்ளைகளைப் பிரதமர் இல்லத்துக்கு அழைத்து அவர்கள் முன்னிலையில் வெளியிட்டார்கள். தொட்டு உணரும்படி வடிவமைத்த காசு அது. யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களிடம் காசு முதலில் போக வேண்டும் என்ற அந்த எண்ணத்தைக் கடைத்தெருவுக்கும் நீட்டியிருந்தால் 14440-க்கு வேலை குறைந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு காலம் சார்ந்தது. டீக்கடையிலும் பூக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கும் காலத்தில் காசைப் பற்றி என்ன கவலை? ஆனால் ரிசர்வ் வங்கியே 2023 பிப்ரவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. யுபிஐ மூலம் பணம் செலுத்திச் சில்லறை பெற்றுக்கொள்ளும் இயந்திரங்களை 12 நகரங்களில் 19 இடங்களில் சோதனையாக வைப்பது அதன் நோக்கம். காசு தேவைப்படுகிறது, தேவைப்படும் இடத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது. தவிர, ரொக்கம் குறைந்துவருவது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவதில்லை. எல்லாப் பணமும் திரையில் எண்ணாக ஓடும்போது கையில் வந்து விழும் ஒரு காசு அதிகக் கவனம் பெறுகிறது. அன்றைக்கு நூறு காசுகளுக்கு நடுவே கவனிக்கப்படாமல் போயிருக்கக்கூடிய முகம், இன்றைக்கு நான்கு காசுகளுக்கு நடுவே கண்ணில் படும்.

மூன்றாவதாக, வெள்ளி நாணயம் தரும் கண்ணியத்தை ஐந்து ரூபாய்க் காசு தருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இந்தக் கலையை உயிரோடு வைத்திருக்கிறார்கள், அவர்களிடமிருந்து நாணயச்சாலைக்கு வருவாயும் வருகிறது என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. தமிழ் நாணயவியலே பெரிய அளவில் சேகரிப்பாளர்களின் கொடை. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி ஆர்வத்தால் சேகரித்துப் படித்ததால்தான் 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பொறித்த சங்ககாலப் பாண்டியன் காசு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அவர் கண்டெடுக்க ஒரு காசு இருந்தது, அது ஒரு காலத்தில் புழங்கியதால். பெட்டி நாணயத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு ஒரு துணைக்காசு வேண்டும் என்பதே கோரிக்கை. 1969-இலும் 2009-இலும் 2010-இலும் நடந்ததுதான் அது. செலவுக் கவலையும் பெரிதில்லை. 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான விவரப்படி பத்து ரூபாய்க் காசை அச்சடிக்க ஆன செலவு 5 ரூபாய் 54 காசு. எப்படியும் அச்சடிக்கப்போகும் காசின் ஒரு பகுதியில் வேறு முகத்தைப் பதிப்பதுதான் கூடுதல் வேலை.

நான்காவது மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் எல்லோர் மனத்திலும் இருப்பது: அரசியல். கலைஞர் நாணய விழாவைச் சுற்றி எழுந்த பேச்சில் காசைப் பற்றிய பேச்சு குறைவு. மத்திய அமைச்சரை அழைத்தது ஏன், காசில் இந்தி இருப்பது ஏன் என்று எதிர்க்கட்சி கேட்டது. மத்திய அரசின் எல்லா நாணயங்களிலும் இந்தி உண்டு, இதில் 'தமிழ் வெல்லும்' என்றும் இருக்கிறது என்று ஆளுங்கட்சி பதில் சொன்னது. பெட்டிக்குள் இருக்கும் காசுக்கே இவ்வளவு என்றால், கல்லாவுக்குள் வரும் காசுக்கு ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு சாதியும் தன் தலைவர் முகத்தைக் கேட்டுப் போட்டி போடாதா? கேட்கும். அதனால்தான் புழக்கம் நல்லது. பெட்டி நாணயத்தில் செலவில்லை, எதிர்ப்பில்லை, கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். கொடுப்பவருக்கும் அது எளிய அரசியல் மொய். எல்லோர் பையிலும் வரப்போகும் முகம் என்றால் இவர் ஏன், இப்போது ஏன் என்று அரசு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு வரம்பும் வகுக்கலாம். யூரோ நாடுகள் இரண்டு யூரோ நினைவுக்காசை ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் பொதுவாக வெளியிட முடியாது. அமெரிக்கப் பெண் ஆளுமைகள் வரிசையில் உயிரோடிருப்பவர் எவருக்கும் இடமில்லை என்பது சட்டம். எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, தேர்வுக்கு ஒரு வெளிப்படையான முறை, இந்த இரண்டும் இருந்தால் போட்டி மரியாதையைக் குறைக்காது, கூட்டும்.

ஆகச் செய்ய வேண்டியவை மிகச் சில. ஒவ்வொரு வெள்ளி நாணயத்துக்கும் ஐந்து ரூபாயிலோ பத்து ரூபாயிலோ ஒரு துணைக்காசு வேண்டும். வெளியீட்டு விழா அந்த மனிதரோ நிகழ்வோ சேர்ந்த ஊரில் நடக்க வேண்டும், அரங்க வாசலில் ஒரு வங்கிக் கவுன்ட்டர் இருக்க வேண்டும். வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று இலவசம், மற்றவர்களுக்கு முகமதிப்பில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஊர் வணிகர் சங்கத்துக்கும் பேருந்துப் பணிமனைக்கும் அன்றே ஒரு மூட்டை. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளின் திறனுக்கு இது பெரிய சுமை இல்லை. மேடையில் இருப்பவர்கள் பெட்டியைத் திறந்து கேமராவுக்குக் காட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் உண்மையான வெளியீடு அதற்குப் பிறகு, அரங்கத்துக்கு வெளியே நடக்கும். விழா முடிந்து வந்த ஒருவர் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுப் புதுக்காசை நீட்டுவார். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று கேட்பார். பதில் சொல்லப்படும், காசு கல்லாவில் விழும், அடுத்தவருக்குச் சில்லறையாகப் போகும். அப்போதுதான் அந்தக் காசு செல்லும்.